நாலு கைக்கு ஒரு தட்டு

உம்மாவின் சஹனில் ஓரத்தில் மூன்று இடத்தில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. தெரிந்த இடமெல்லாம் துரு. கழுவித் துடைத்தால் துணியில் பழுப்புக் கறை படிந்தது. "இதை இனிமேல் சாப்பாட்டுக்கு எடுக்காதீங்க உம்மா" என்றேன். "அப்ப பெருநாளைக்குச் சோறை எதுல வைக்கச் சொல்றே?" என்றார்கள். வாப்பா கொழும்பில் வியாபாரம் செய்த காலத்தில் வாங்கி வந்த தட்டு அது. வீட்டில் எவர்சில்வர் தட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதெல்லாம் ஆளுக்கு ஒன்று. சஹன் கதை வேறு.

எங்கள் ஊர் காயல்பட்டினம். கல்யாணம், பெருநாள் என்று வந்துவிட்டால் தரையில் சுப்ரா என்ற சாப்பாட்டு விரிப்பை விரித்து, பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, களரிக் கறியும் கத்தரிக்காய் மாங்காய் போட்ட பருப்பும் ஊற்றி, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அந்த ஒரே தட்டில் சாப்பிடுவோம். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். அரபியில் தட்டுக்கே அதுதான் சொல். இலங்கை முஸ்லிம்கள் சவன் என்பார்கள், அங்கே ஒரு சவனுக்கு ஆறு பேர். எங்கள் வீட்டுக் கணக்கு ஒரு சஹனுக்கு நாலு பேர்.

நான் வேலை பார்ப்பது புதுச்சேரியில். இரண்டு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் ஒரு மண்பாண்டப் பட்டறைக்குப் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் ஸ்டோன்வேர் வேலை வேர்விட்டிருக்கிறது. அவர்களிடம் கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று இன்றைக்குப் பட்டறைகள் நிறைய. எனக்குச் சொல்லித்தரும் அக்காவும் அந்த வரிசையில் ஒருவர்தான். அதுவரை நான் செய்தது டீக் கோப்பை, ஊறுகாய்க் கிண்ணம், பூனைக்குப் பால் வைக்கும் தட்டு. பூனைத் தட்டைத் தவிர எதுவும் யாருக்கும் பிரயோசனப்படவில்லை. இந்தத் தைரியத்தில் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் உம்மாவுக்கு ஒரு மண் சஹன் செய்து தருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது.

மண் என்றதும் உம்மா நினைத்தது மண்சட்டி. அது இல்லை இது. நம் ஊர் மண்சட்டியைச் சுடுவது 700, 800 டிகிரி அளவில்தான். அந்தச் சூட்டில் மண் இறுகுமே தவிர உருகிக் கண்ணாடியாவதில்லை. நுண்துளைகள் அப்படியே இருக்கும். தண்ணீர் குளிர்வதும், மீன்குழம்பு மறுநாள் ருசிப்பதும் அந்தத் துளைகளால்தான். ஆனால் நெய்ச்சோற்றை அதில் கொட்டினால் நெய்யைத் தட்டு குடித்துவிடும், சோப்புப் போட்டால் சோப்பையும் குடிக்கும். ஸ்டோன்வேர் களிமண்ணை 1200 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். மண்ணுக்குள்ளேயே ஒரு பகுதி உருகித் துளைகளை அடைத்துவிடும், மேலே பூசுகிற கிளேஸும் கண்ணாடியாகிவிடும். அதே உருகல்தான் பெரிய தட்டுக்கு எமன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் வேலை அளவு. உம்மாவின் சஹன் 46 சென்டிமீட்டர். பட்டறையின் மின்சூளைக்குள் இருக்கும் பலகை 50 சென்டிமீட்டர் சதுரம். களிமண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். ஒரு பட்டையாக உருட்டி 10 சென்டிமீட்டருக்குக் கோடு கிழித்தேன். காய்ந்ததும் கோடு 9.4, கடைசிச் சூட்டுக்குப் பிறகு 8.75. பன்னிரண்டரை சதவீதம். இவ்வளவு சுருங்கும் மண்ணில் இந்த அகலத்துக்குத் தட்டு செய்தால் நெளியும், வெடிக்கும் என்றார் அக்கா. சுட்ட மண்ணைக் குருணையாக அரைத்துக் கலக்கச் சொன்னார். அந்தக் குருணை ஏற்கெனவே சுருங்கி முடித்தது, இனிச் சுருங்காது. பட்டறையில் அதற்குக் 'கிராக்' (grog) என்று பெயர். கிராக் போட்டால் கிராக் (crack, விரிசல்) விடாது என்பது அங்கே பழைய ஜோக். பத்துக்கு ஒரு பங்கு போட்டதும் சுருக்கம் பதினொன்றுக்கு இறங்கியது. ஈரத்தில் 48 சென்டிமீட்டருக்கு வெட்டினால் கடைசியில் 42.7 கிடைக்கும். பழைய சஹனைவிடச் சின்னது. நாலு பேருக்குப் போதும் என்று முடிவு செய்தேன். "இருவரின் உணவு மூவருக்குப் போதும், மூவரின் உணவு நால்வருக்குப் போதும்" என்று நபிமொழியே இருக்கிறது, தட்டுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

வடிவத்தைப் பற்றி உம்மாவிடம் போனில் பேசியதுதான் உருப்படியாக நடந்தது. நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். தட்டின் நடுவிலிருந்து நாலு பக்கமும் மெல்லிய நீலக் கோடு, யார் பங்கு எது என்று தெரிகிற மாதிரி. அழகாகவும் இருக்கும். உம்மா கேட்டுவிட்டு, "கோடு கிழிச்சுக் கொடுக்கறதுக்கு எதுக்கு ஒரே தட்டு? நாலா வெட்டிக் கொடுத்துரு" என்றார்கள். அதோடு அந்த யோசனை முடிந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் உம்மா சொன்னதில்தான் தொழில்நுட்பமே இருக்கிறது. உன் முன்னால் இருப்பதைச் சாப்பிடு, நடுவில் கைவைக்காதே, பரக்கத் (இறையருள்) நடுவில்தான் இறங்குகிறது என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஓரத்திலிருந்து தின்றுகொண்டு போகப் போக நடுவில் இருக்கும் குவியல் நாலு பக்கமும் சரிந்து வரும். கறித்துண்டை யாராவது பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளுவார்கள். எல்லை என்று ஒன்று உண்டு, ஆனால் அது சாப்பிடச் சாப்பிட நகர்ந்துகொண்டே இருக்கும். இதற்குத் தட்டு தட்டையாக இருந்தாக வேண்டும். குழிந்தால் குழம்பெல்லாம் நடுவுக்கு ஓடிப்போய் யாருக்கும் இல்லாமல் நிற்கும். ஓரம் தாழ்வாக இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து கையைத் தணித்து நீட்டும்போது மணிக்கட்டு விளிம்பில் இடிக்கக் கூடாது. ஆனால் விளிம்பே இல்லாவிட்டால் கடைசிப் பருக்கையை எதன்மேல் ஒதுக்கி எடுப்பது? ஆளுக்கொரு தட்டாக இருந்தால் மற்ற கையால் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம். சஹனைச் சாய்த்தால் எதிரில் இருப்பவர் சோறு நம் மடிக்கு வரும். ஆக, அகலமான தட்டைத் தளம், இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் மெல்ல எழும்பும் ஓரம், விரல் வழுக்கி ஏறுகிற வளைவு. தாளில் வரைய ஐந்து நிமிடம்.

முதல் தட்டு. ஆறரைக் கிலோ மண்ணைப் பிசைந்து காற்றை விரட்டவே முக்கால் மணி நேரம். சப்பாத்திக் கட்டைக்கு இது அடங்காது. பிவிசி குழாய்த் துண்டால், இரண்டு பக்கமும் 11 மில்லிமீட்டர் ரீப்பர் கட்டையை வைத்து, கித்தான் துணிமேல் உருட்டினேன். ஒரே திசையில் உருட்டக் கூடாது. திசை மாற்றி மாற்றி உருட்டாவிட்டால் மண் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, காயும்போது அந்தப் பக்கமாக இழுக்கும். மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்பது பட்டறையில் தினமும் காதில் விழும் வாக்கியம். நான் அதைப் பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். தூக்கும்போது ஒருமுறை வளைந்த மண் தகட்டை மறுபடி நேராக்கி வைத்தால், காய்ந்தபின் அதே இடத்தில் அதே வளைவு திரும்பி வருவதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்.

உருட்டிய வட்டத்தைக் கவிழ்த்த ஒரு அகலப் பாத்திரத்தின்மேல் போர்த்தி, ஓரத்தை மடக்கி, மேலே துணி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் ஓரம் நாலு இடத்தில் வாய் பிளந்திருந்தது. காரணம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். மண் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் பாத்திரம் சுருங்காது. இறுகிப் பிடித்த சட்டை கிழிவது மாதிரி. அச்சு மண்ணுக்கு உள்ளே இருக்கக் கூடாது, வெளியே இருக்க வேண்டும். காயாத மண் என்பதால் நஷ்டமில்லை. வாளித் தண்ணீரில் போட்டால் கரைந்து திரும்ப மண்ணாகிவிடும். சூளைக்குப் போகும்வரை எந்தத் தப்புக்கும் மன்னிப்பு உண்டு.

இரண்டாவதற்கு ஒரு அகல அலுமினியத் தாம்பாளத்தை வாங்கி, உள்ளே நியூஸ் பேப்பர் விரித்து, மண் வட்டத்தை அதற்குள் இறக்கினேன். இப்போது மண் சுருங்கச் சுருங்க அச்சை விட்டுத் தானே விலகியது. உள்பக்கத்தை ரப்பர் துண்டால் நடுவிலிருந்து வெளியே, வெளியிலிருந்து நடுவுக்கு என்று அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். இது மினுக்குக்காக இல்லை. மண்ணில் கலந்த குருணை மேலே துருத்திக்கொண்டு நிற்கும், அதை உள்ளே புதைக்க வேண்டும். ஸ்பூனால் சாப்பிடுகிற தட்டுக்கு இந்தக் கவலை இல்லை. நாம் சாப்பிடுவது விரல் நுனியால். சொரசொரப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, சோறு பிசைகிற மாதிரி நாலு விரலையும் தட்டின்மேல் ஓட்டிப் பார்த்தேன். தட்டுப்பட்ட இடத்தில் இன்னும் இரண்டு தேய். பக்கத்தில் சக்கரத்தில் உட்கார்ந்திருந்த பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

இரண்டாம் நாள் தோல்பதம், அதாவது தோல் மாதிரி இறுகிய அரை ஈரப் பதம், வந்ததும் கவிழ்த்து, 26 சென்டிமீட்டர் விட்டத்தில் அடி வளையம் ஒட்டினேன். வளையத்து மண்ணும் தட்டு மண்ணும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று விட்டுவிடும். பிறகு பிளாஸ்டிக் போர்வைக்குள் மூன்று வாரம். ஓரம் முந்திக் காயும், நடு பிந்தும். இந்த இழுபறியில்தான் தட்டு நெளியும். அதனால் ஓரத்தை மட்டும் ஈரத்துணியால் சுற்றி, நடுவைத் திறந்து வைத்தேன். புதுச்சேரிக் கடற்காற்றில் மதியம் ஜன்னலை மூட மறந்தால் போச்சு.

முதல் சூடு 980 டிகிரி. நல்லபடியாக வந்தது. கிளேஸ் பூசுவது தனிக் கூத்து. கோப்பை என்றால் வாளியில் முக்கி எடுத்துவிடலாம். இதை முக்க வேண்டுமானால் குழந்தைகள் குளிக்கும் டப்பா நிறையக் கிளேஸ் வேண்டும். ஒரு பெரிய மக்கில் எடுத்து நடுவில் ஊற்றி, இருவர் பிடித்துத் தோசைக்கு மாவைச் சுற்றுகிற மாதிரி தட்டையே சாய்த்துச் சாய்த்துச் சுற்றினோம். பூசியது ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், சுண்ணாம்புத் தூள், சீனக்களி, கொஞ்சம் ஃப்ரிட் என்ற கண்ணாடித்தூள் சேர்ந்த வெள்ளைக் கிளேஸ். பச்சைக் கிளேஸ்மேல் எனக்கு ஒரு கண் இருந்தது, ஆனால் அந்தப் பச்சைக்குத் தாமிரம் வேண்டும். சரியாகச் சேராத தாமிரக் கிளேஸ் புளி, எலுமிச்சை பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். மாங்காய் போட்ட பருப்பு ஊற்றப்போகிற தட்டில் அந்த வம்பு எதற்கு?

இரண்டாம் சூடு 1230. சூளை திறந்தபோது வெள்ளை வெளேரென்று அப்படியொரு தட்டு. நான் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டுவிட்டேன். ஹாங்காங்கில் இருக்கும் காக்கா (என் அண்ணன்) உடனே கட்டைவிரல் அனுப்பினார்கள். அப்புறம்தான் அக்கா ஒரு இரும்பு ஸ்கேலைக் கொண்டு வந்து தட்டின் குறுக்கே வைத்தார். நடுவில் ஸ்கேலுக்கும் தட்டுக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர் இடைவெளி. அடி வளையத்துக்கு உள்ளே தாங்க ஒன்றும் இல்லாததால், சூட்டில் இளகிய மண் தன் கனத்திலேயே தொய்ந்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். நாலு பக்கமிருந்தும் ஓடிப்போய் நடுவில் குளமாக நின்றது. உம்மாவின் பருப்புக்கும் இதே கதிதான்.

அன்றைக்கு அக்கா செய்தது எனக்குப் பிடித்தது. ஆறுதல் சொல்லவில்லை. ஒரு தடிமனான படப் புத்தகத்தை எடுத்து, சீனாவின் லோங்சுவான் சூளைகளில் செய்த பச்சைத் தட்டு ஒன்றின் அடிப்பக்கத்தைக் காட்டினார். அடியில் முழுக்கப் பச்சைக் கிளேஸ், நடுவே மட்டும் கிளேஸைத் துடைத்த ஒரு வளையம் செங்கல் நிறத்தில் சிவந்து கிடந்தது. "அங்கே ஒரு முட்டுக் கொடுத்துத்தான் சுட்டிருக்காங்க. தட்டு காலால நிக்கல, நடுவயித்தால நிக்குது. அவங்களுக்கும் தொய்ஞ்சிருக்கு, அதான் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார். யுவான், மிங் அரச வம்சங்களின் காலத்தில் அந்தச் சூளைகள் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டும் பெரிய தட்டுகளை நிறையச் செய்தன. சீனர்கள் சின்னக் கிண்ணங்களில் சாப்பிடுகிறவர்கள். அந்தப் பெரிய தட்டுகளில் பலவும் கடல்வழியே மேற்காசியாவுக்குப் போனவை, அங்கே ஒரே தட்டைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் இருந்தது. இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் இன்றும் அவை வரிசை வரிசையாக இருக்கின்றன.

அந்தக் கப்பல்களின் பாதையில்தான் எங்கள் கரையும் இருக்கிறது. மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் பழையகாயல்தான் என்பது பொதுவான கருத்து. அங்கேயும் ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்திலும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. எங்கள் ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் நாம் அரபு வியாபாரிகளின் வழி வந்தவர்கள் என்று ஆரம்பித்துவிடுவார். அதில் எவ்வளவு சரி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் சீனாக்காரன் செய்து, அராபியன் சாப்பிட்டு, நடுவே எங்கள் கடற்கரையில் இறங்கி ஏறிய ஒரு பாத்திரத்தின் சிக்கலில் நான் புதுச்சேரியில் மாட்டியிருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது தட்டுக்கு இரண்டு மாற்றம். அடி வளையத்தைப் பெரிதாக்கி 30 சென்டிமீட்டர் ஆக்கினேன், நடுவில் பத்து சென்டிமீட்டரில் இன்னொரு சின்ன வளையம். பிறகு தட்டை நேராகச் சூளைப் பலகையில் வைக்காமல், அதே மண்ணில் ஒரு வட்ட அடைபலகை செய்து, முதல் சூடு கொடுத்து, அலுமினாப் பொடி தூவி அதன்மேல் வைத்தேன். தட்டு சுருங்கும்போது அடைபலகையும் கூடவே சுருங்கும். சூளைப் பலகை சுருங்காது, கனமான தட்டின் கால் அதில் பிடித்துக்கொண்டால் இழுத்துக் கிழியும்.

இந்த முறை தட்டு தொய்யவில்லை. உடைத்தது நான்தான். சூளை அணைத்த மறுநாள் சாயங்காலம் அக்கா ஊரில் இல்லை. மீட்டர் 190 காட்டியது. கோப்பைகளை அந்தச் சூட்டில் கையுறை போட்டு எடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. மூடியை ஒரு சாண் தூக்கி எட்டிப் பார்த்தேன். தட்டு முழுசாக, அழகாக, தட்டையாக இருந்தது. மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் சூளைக்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். பித்தளை டம்ளரில் சுண்டின மாதிரி இனிமையான சத்தம்தான். ஓரத்திலிருந்து நடுவரை ஒரே கோடு.

பெரிய தட்டில் ஓரம் சீக்கிரம் ஆறும். நடு, அடியில் இருக்கும் பலகையின் சூட்டைப் பிடித்துக்கொண்டு ஆற மறுக்கும். மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியைத் தாண்டும்போது சட்டென்று அளவு மாறும். அதேபோல கிறிஸ்டோபலைட் என்ற அதன் பங்காளி 220 சொச்சம் டிகிரியில் மாறும். ஓரம் ஒரு பக்கம் மாறி முடித்து, நடு இன்னும் மாறாமல் இருக்கும்போது காற்றைத் திறந்துவிட்டால் இதுதான் நடக்கும். அக்கா திரும்பி வந்ததும் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனைல தொறந்தே?" நான் நூற்றைம்பது என்றேன். பொய்தான். இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

உடைந்த தட்டை வீணாக்கவில்லை. ஒரு துண்டைச் சூளைச் சூட்டிலேயே நன்றாகக் காயவைத்து எடை போட்டேன், 240 கிராம். இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துடைத்து மறுபடி போட்டபோது 243. ஒன்றேகால் சதவீதம்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது, சாப்பாட்டுத் தட்டுக்கு இது போதும். இன்னொரு துண்டின்மேல் எலுமிச்சைப் பழத்தை அரிந்து கவிழ்த்து ஒரு ராத்திரி, அடுத்த ராத்திரி வினிகரில் ஊறப் போட்டுவிட்டேன். கிளேஸ் நிறமும் பளபளப்பும் மாறாமல் இருந்தது. மங்கியிருந்தால் அந்தக் கிளேஸை மறந்துவிட வேண்டியதுதான். மங்காதது மட்டும் சான்றிதழ் ஆகிவிடாது. ஈயம், காட்மியம் உள்ள கிளேஸைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பாமல் நம்பக் கூடாது. என் கிளேஸில் அவை இரண்டும் சேர்க்கவே இல்லை என்பதால் நிம்மதி. மூன்றாவது துண்டில் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசி ஒரு நாள் வைத்தேன். கிளேஸ் மேல் கறை நிற்கவில்லை. உடைந்த விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டது.

நாலாவது தட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எல்லாம் மூன்றாவது மாதிரியே செய்தேன். 650இலிருந்து 500 வரை மணிக்கு 50 டிகிரிக்கு மேல் இறங்காதபடி சூளையை வைத்தோம். பிறகு மூடியை மூன்று நாள் தொடவில்லை. மீட்டர் 60 காட்டியபோது அக்காவே வந்து திறந்தார். ஸ்கேலை வைத்தால் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அகலம் 42.5, கனம் 3.3 கிலோ. ஓரத்தில் ஒரு இடத்தில் குண்டூசித் துளை அளவில் கிளேஸ் கொப்புளித்து அடங்கிய தழும்பு. பெருநாளுக்கு ஒன்பது நாள் பாக்கி.

விழுப்புரத்தில் திருச்செந்தூர் ரயில் ஏறி, இரண்டு தலையணைக்கு நடுவே தட்டைக் கட்டி, ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிர்ப் பெர்த் அம்மா என்ன அது என்று கேட்டார்கள். தட்டு என்றேன். ஒரு தட்டா என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசவில்லை.

உம்மா வாங்கிப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கனமால்ல இருக்கு." இரண்டாவது, "வெறும் வெள்ளையா விட்டுட்டியே, ஒரு பூவாவது போட்டிருக்கலாம்." கோடு வேண்டாம் என்றவர்கள் பூ வேண்டும் என்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறகு விரலை உள்ளே ஓட்டிப் பார்த்தார்கள். எங்கே ஓட்டினார்கள் என்று கவனித்தேன். தளமும் ஓரமும் சேருகிற அந்த வளைவில். கடைசிப் பருக்கை நிற்கும் இடம். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பெருநாள் அன்று இன்னொரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. பெருநாளைக்கு ஆண்கள் முதலில் உட்காருவார்கள். புதுச் சஹன் யாருக்குப் போகும்? காக்காவும் மச்சானும் அவர்கள் சேக்காளிகள் இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்துக்குத்தான். ஐந்து மாதம் மண்ணோடு மல்லுக்கட்டியவள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். படிக்கமும் கெண்டியும் சுற்றி வந்து கை கழுவினார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றைக் குளிர்ந்த தட்டில் கொட்டினால் பயம் என்று, நான் முன்னாடியே வெந்நீர் ஊற்றித் தட்டைச் சூடாக்கி வைத்திருந்தேன். அதை இரண்டு பேர் தூக்கி வந்து சுப்ராமேல் வைத்தார்கள்.

மனத்தாங்கல் ஒரு பக்கம் இருந்தாலும், பார்த்தது நல்லதுதான். நாலு கை ஒரே தட்டில் இறங்கும்போது யார் எந்த அளவுக்குக் கை நீட்டுகிறார்கள், மணிக்கட்டு எங்கே நிற்கிறது என்று சாப்பிட்டுக்கொண்டே பார்க்க முடியாது. ஓரம் யாருக்கும் இடிக்கவில்லை. பருப்பு ஊற்றிய இடத்திலேயே நின்றது, நடுவுக்கு ஓடவில்லை. மச்சான் மட்டும் இடது கையால் பழக்கத்தில் தட்டை ஓரமாகப் பிடித்து இழுக்கப் பார்த்தார், அது அசையவில்லை. எனாமல் சஹன் இழுத்தால் வரும். இது 3.3 கிலோ, சோற்றோடு இன்னும் மேலே. காக்கா ஒரு எலும்புக் கறியைப் பிய்த்து மச்சான் பக்கம் தள்ளினார்கள். எலும்பு தட்டில் பட்ட சத்தம் எனாமல் சத்தம் இல்லை. கொஞ்சம் தணிந்த, கல் மாதிரிச் சத்தம். நாலு பேரும் ஒரு கணம் தட்டைப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் பந்தியில் உம்மா, ராத்தா (கூடப் பிறந்த அக்கா), ராத்தா மகள், நான். சின்னவளுக்கு ஏழு வயது, அவள் கை நடுவரை எட்டாது. இதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. உம்மா பேசிக்கொண்டே குவியலை அவள் பக்கம் சரித்துக்கொண்டே இருந்தார்கள். என் பக்கம் சோறு தீர்ந்தபோது பார்த்தால் உம்மா பக்கம் ஒன்றுமே இல்லை, சின்னவள் முன்னால் மலை. "உம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றால் "இதுல எல்லாரும்தானே சாப்பிட்டோம்" என்றார்கள். அடுத்த தடவை அவர்கள் கையைக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கழுவுவதுதான் பிரச்சினை. உம்மாவால் தூக்க முடியவில்லை, மணிக்கட்டு வலி. ராத்தாவும் நானும் சேர்ந்து தொட்டியில் வைத்தால் தொட்டிக் குழாய் இடிக்கிறது. கடைசியில் முற்றத்தில் வைத்து, வாளித் தண்ணீர் மொண்டு கழுவினோம். நெய் பிசுக்கு வெந்நீருக்கே போய்விட்டது, மஞ்சள் கறை இல்லை. பழைய எனாமல் சஹனில் அன்று மாலையே உம்மா வத்தல் காயப்போட்டு மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அதைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

காக்கா ஹாங்காங் கிளம்பும்போது தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள், லக்கேஜில் மூன்று கிலோவுக்குள் இருக்க வேண்டுமாம். 48 என்ற ஈர அளவை 42க்குக் குறைத்து, கனத்தை 9 மில்லிமீட்டருக்கு இறக்கினால் கடைசியில் 37 சென்டிமீட்டர் வரும், கனம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மூன்று பேர் சாப்பிடலாம். இந்தத் தடிமனில் ஓரம் நெளியுமா என்பதைச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். உடைந்த மூன்றாவது தட்டை உரலில் இடித்துக் குருணையாக்கி வைத்திருக்கிறேன், அடுத்த மண்ணுக்கு அதுதான் கிராக்.